எட்டாத தண்ணீர்

சென்ற ஷஃபான் மாதத்தில் கடலோர ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். மஸ்அலா கேட்டு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒளு, தொழுகை, ஜகாத், பாகப்பிரிவினை ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். இது ஓர் ஆமையைப் பற்றியது.

அவர்கள் வீட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஆமை இருந்து வருகிறது. மறைந்துபோன அவருடைய மாமனார் உடைமுள் காட்டில் கண்டெடுத்துத் தோளில் துண்டில் முடிந்து கொண்டுவந்தாராம். பிள்ளைகள் அதை 'ஆமையார்' என்று மரியாதையாகவே அழைப்பார்களாம். கொஞ்ச நாளாக அது சாப்பிடுவதில்லை. தட்டில் சோறு இருக்கிறது, கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது. அது கிண்ணத்தண்டை வருகிறது, சுற்றுகிறது, திரும்பிப் போய் மூலையில் ஒடுங்குகிறது. 'அதற்கு ரிஸ்கு முடிந்துவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்?' என்று மாமி சொல்கிறார்கள். 'வேளை தவறாமல் வைக்கிறோம், அது உண்ணாவிட்டால் அந்தப் பாவம் எங்களைச் சேருமா?' இதுதான் கேள்வி.

வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தக் கடிதத்துக்கு நாம் முதலில் எழுதிய பதில் நான்கே வரிகள்தாம். 'நீங்கள் வைப்பது உங்கள் கடமை, உண்பது அதன் நஸீபு. வளர்க்க இயலவில்லையென்றால் காட்டிலேயே கொண்டு விட்டுவிடுங்கள்' என்று எழுதி, அஞ்சலில் சேர்த்துவிட்டு, மனநிறைவோடு அஸர் தொழப் போய்விட்டோம். அந்த நான்கு வரிகளிலும் தவறு இருந்தது. அது நமக்கு இரண்டு நாள் கழித்தே உறைத்தது.

ஜும்ஆவுக்குப் பின் நடக்கும் ஹதீஸ் வகுப்பில் அன்றைய தினம், நாயின் தாகம் தீர்த்த மனிதரின் வரலாறு வந்தது. நம்மில் யாருக்குத்தான் அது தெரியாது? மதரஸாவில் அலிஃப் பே ஓதும் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தாகத்தால் வாடிய ஒருவர் வழியில் ஒரு கிணற்றைக் கண்டு, அதில் இறங்கிக் குடித்துவிட்டு மேலே வருகிறார். அங்கே ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டு, தாகம் பொறுக்காமல் ஈரமண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது. எனக்கிருந்த தாகம்தான் இதற்கும் என்று எண்ணியவர் மறுபடியும் இறங்கி, தம் தோல் காலுறையில் தண்ணீரை நிரப்பி, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்து புகட்டினார். அல்லாஹ் அதை ஏற்று அவருடைய பாவங்களை மன்னித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். உயிருள்ள எந்தப் பிராணிக்குச் செய்யும் உதவியிலும் கூலி உண்டு என்றும் தோழர்களின் வினாவுக்கு விடை அருளினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது.

எத்தனையோ முறை கேட்ட செய்திதான். ஆனால் அன்று நம் மனத்தில் வேறொன்று தட்டியது. அந்த இடத்தில் தண்ணீர் இல்லாமலா இருந்தது? கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது. நாய்க்கும் அது தெரியும், தெரிந்ததால்தானே விளிம்பிலுள்ள ஈரமண்ணைத் தின்றது! தண்ணீர் இருந்தது, எட்டவில்லை. அந்த மனிதர் புதிதாகத் தண்ணீரை உண்டாக்கவில்லை. நாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த ஆழத்தைத்தான் கடந்து கொடுத்தார். ஏறுவதற்கு இரு கைகளும் வேண்டுமென்பதால், காலில் அணியும் உறையை வாயில் கவ்வினார். அருவருப்புப் பார்க்கவில்லை.

நம் சகோதரியின் கடிதத்தில் இருந்ததும் இதுவேயல்லவா? கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது, ஆமை கிண்ணத்தண்டை வருகிறது, சுற்றுகிறது, திரும்பிப் போகிறது. அது குடிக்க மறுக்கிறது என்று நமக்கு யார் சொன்னது? எட்டவில்லை என்று ஏன் நமக்குத் தோன்றவில்லை?

மறு வாரம் அந்த ஊருக்கே புறப்பட்டுப் போனோம்.

பழைய வீடு, புதுக்கோலம். சபுராளி மகன் அனுப்பிய பணத்தில் முற்றத்துச் செங்கல் தரையைப் பெயர்த்துவிட்டு வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். மழையும் வெயிலும் உள்ளே வராமலிருக்க, முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் கூரையும் போட்டாகிவிட்டது. கண்ணாடி போலத் துடைத்த தரை. அதில் ஆமை நடந்ததை நாம் பார்த்தோம். நடந்ததென்று சொல்வது பொருந்தாது. நான்கு கால்களும் நான்கு திசைக்கு வழுக்க, வயிற்று ஓடு தரையில் தேய, நீந்துவதுபோல் தத்தளித்தது. ஒரு சாண் தூரம் கடப்பதற்குள் நின்று இளைப்பாறியது. கிண்ணமோ எவர்சில்வர் கிண்ணம், விளிம்பு நான்கு விரற்கடை உயரம். அதன் அருகே வந்ததும் ஆமை கழுத்தை நீட்டி விளிம்பில் தாடையை வைக்கப் பார்த்தது. பின்கால் வழுக்கியது, கிண்ணம் நகர்ந்தது. மீண்டும் பார்த்தது, மீண்டும் நகர்ந்தது. மூன்றாம் முறை முயலவில்லை, திரும்பிவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "பாத்தீங்களா தம்பி, அதுக்கு வேண்டாமாம். ரிஸ்கு முடிஞ்சு போச்சு" என்றார்கள். குரலில் அலட்சியம் துளியும் இல்லை. கணவர் கையால் கொண்டுவந்தது கண்முன்னே போகப்போகிறதே என்ற துயரம்தான் அப்படிப் பேச வைத்தது. ஆகவே அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சொல் சரிதானா என்று பார்த்தேயாக வேண்டும்.

பூமியிலுள்ள எந்தப் பிராணியானாலும் அதன் உணவு அல்லாஹ்வின் பொறுப்பிலேயே இருக்கிறது என்று திருக்குர்ஆனின் ஹூது அத்தியாயம் கூறுகிறது. தன் உணவைச் சுமந்து திரியாத எத்தனையோ பிராணிகள் உண்டு, அவற்றுக்கும் நமக்கும் அவனே உணவளிக்கிறான் என்று அன்கபூத் அத்தியாயம் நினைவூட்டுகிறது. இவற்றில் யாருக்கும் ஐயமில்லை. உடைமுள் காட்டில் இருந்தவரை அந்த ஆமைக்குப் புல்லையும் உதிர்ந்த கனியையும் மழைக்குட்டையையும் அவன் தரையோடு தரையாகவே வைத்திருந்தான். எவர்சில்வர் கிண்ணத்தில் வைக்கவில்லை. டைல்ஸ் போட்டவர்கள் யார்? கூரை போட்டவர்கள் யார்? நான்கு சுவருக்குள் அடைத்து வைத்ததும் அந்த ஜீவனின் ரிஸ்கு நம் கை வழியாகப் போகும்படி நாமே ஆக்கிக்கொண்டோம். பிறகு நம் கை சரியாக நீளாததை 'நஸீபு' என்று பெயரிட்டு, அல்லாஹ்வின் மீது போடுவது எப்படி நியாயமாகும்?

பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த வரலாற்றையும் நாம் அறிவோம். அதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு குற்றங்களைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அவள் தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்னும்படி விடவும் இல்லை. அவிழ்த்து விட்டிருந்தால் பூனை தன் வழியைத் தானே பார்த்திருக்கும். கட்டியதனால்தான் பசி அவள் கணக்கில் எழுதப்பட்டது. 'நாங்கள் அவளைப் போல் அல்ல, மூன்று வேளையும் வைத்தோம்' என்று இந்த வீட்டார் சொல்லலாம். உண்மைதான், எண்ணத்தில் பெரும் வித்தியாசம் உண்டு. ஆனால் ஆமையின் வயிற்றில் என்ன வித்தியாசம்?

வைத்தால் போதுமா, எட்டும்படி வைக்க வேண்டுமா என்ற இந்தக் கேள்விக்கு ஸஹாபாக்களின் நடைமுறையிலேயே அழகான விடை இருக்கிறது. அபூகதாதா (ரலி) அவர்களுக்கு, அவர்களுடைய மருமகள் கப்ஷா அம்மையார் ஒளுச் செய்யத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். ஒரு பூனை வந்து அதில் வாய்வைக்கப் பார்த்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் அதை விரட்டவில்லை. பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். அது குடித்து முடிக்கும்வரை அப்படியே பிடித்திருந்தார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று, அது உங்களிடையே சுற்றித் திரியும் பிராணி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார்கள். முவத்தாவிலும் அபூதாவூத், திர்மிதியிலும் இது பதிவாகியிருக்கிறது.

பூனை வாய்வைத்த மிச்சம் சுத்தமானது என்ற சட்டத்துக்காகவே இந்த ஹதீஸைக் கிதாபுகளில் ஓதுகிறோம். சட்டத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறோம். ஆனால் அந்தக் கை எங்கே இருந்தது என்று நின்று பாருங்கள். பாத்திரத்தில் தண்ணீர் இருந்தது, பூனையும் வந்துவிட்டது. 'குடித்தால் குடிக்கட்டும்' என்று சும்மா இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதன் வாய்க்கு எட்டும் அளவுக்குப் பாத்திரத்தைச் சாய்த்தார்கள். தொழுகைக்கு ஆயத்தமாகும் வேளையில், அது குடித்து முடியும்வரை பொறுத்தும் இருந்தார்கள்.

நம் இமாம்களும் இதைச் சட்டமாகவே வகுத்திருக்கிறார்கள். பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது சொந்தக்காரர் மீது கடமை, மறுத்தால் விற்கவோ தீனி கொடுக்கவோ, உண்ணத்தக்க பிராணியானால் அறுக்கவோ அவரை நிர்ப்பந்திக்க வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதுகிறார்கள். ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷைகு இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் பிராணிகளின் ஹக்குகளை எண்ணிச் சொல்லும்போது, முதுமையாலோ நோயாலோ அதனால் ஒரு பயனும் இல்லாமற்போனாலும் அதற்குச் செலவிடுவது கடமையே என்கிறார்கள். பால் வற்றிய மாட்டைத் தெருவில் விடும் நம் காலத்தில் இதைப் படித்தால் தலை குனியத்தான் வேண்டும்.

சரி, அந்த வீட்டில் என்ன செய்தோம்?

முதலில் பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். அவர் ஆமையைத் தூக்கிப் பார்த்து, கண்கள் உள்ளே அமிழ்ந்திருப்பது உடலில் தண்ணீர் குறைந்ததன் அடையாளம் என்றார். மேல் அலகு கிளியின் மூக்குப்போல் நீண்டு வளைந்திருந்தது. பல ஆண்டுகளாகச் சோறும் ரொட்டியும் போன்ற மெதுவான உணவையே கொடுத்ததனால் அலகு தேயவில்லை. இலையைக் கடிக்கவே முடியாத நிலை. அதைப் பக்குவமாகத் தேய்த்துச் சரிசெய்தார். பின்கால்கள் பலமிழந்ததற்குக் காரணம் வெயில் இல்லாமை. வெயில் உடம்பில் நேராகப் பட்டால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேருமாம். பிளாஸ்டிக் கூரை வெளிச்சத்தை விடும், அந்தப் பயனை விடாதாம். ஆமையின் உடம்பு தானாகச் சூடு கொள்வதுமில்லை. வெயில் காய்ந்த பிறகே அதற்குப் பசியும் செரிமானமும் உண்டாகும். நிழலான குளிர்ந்த தரையில் வைத்துவிட்டு 'ஏன் சாப்பிடவில்லை' என்று கேட்டால் அது என்ன செய்யும்?

நம் சகோதரி உடனே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். வழுக்கும் தரைமீது பழைய சாக்குகளையும் கயிற்றுப் பாயையும் விரித்தார். கால் ஊன்றிய அடுத்த நிமிடமே ஆமை நிமிர்ந்து நடந்தது. நமக்கே கண் கலங்கிவிட்டது. சோற்றுத் தட்டுக்குப் பதிலாக ஒரு தட்டைக்கல். அதன்மேல் அறுகம்புல்லும் செம்பருத்தி இலையும் பூவும். தண்ணீருக்குப் பூந்தொட்டியின் கீழே வைக்கும் அகன்ற மண் தட்டு. கொல்லைப்புறத்தில் வெயிலும் நிழலும் மாறி விழும் ஓரிடத்தில் மண்ணைத் தோண்டி, விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி அதைப் பதித்தார்கள். ஆமை தலையைத் தாழ்த்தி வாயை நீரில் அமிழ்த்திக் குடிக்கும். ஆகவே அதற்குப் போதுமான ஆழம் வேண்டும், தாடைக்கு மேலே போகவும் கூடாது. தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது, ஆழமான தொட்டியில் விழுந்தால் மூழ்கிவிடும். ஏறி இறங்க ஒரு பக்கம் சரிவாகக் கூழாங்கல் போட்டார்கள். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும், அதில்தான் அது அசுத்தமும் செய்யும். முதல் வாரம் வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம் நிற்க வைக்கும்படியும் மருத்துவர் சொன்னார்.

ஆமை அன்றே குடித்தது. கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம் குடித்தது. பெரியம்மா அருகில் பலகை போட்டு உட்கார்ந்து, அது தலையை எடுக்கும்வரை அசையவேயில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் நமக்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். புறப்படும்போது மருத்துவர் நம்மைத் தனியே அழைத்து, இது நட்சத்திர ஆமை, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்கக் கூடாதது என்றார். 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதலாம் அட்டவணையில் இது இருக்கிறது. வெளிநாடுகளுக்குக் கடத்தி விற்கிறவர்களால் இந்த இனமே குறைந்துவருவதால், 2019இல் உலக நாடுகளும் இதன் வியாபாரத்தைத் தடுத்திருக்கின்றன. நாமாகக் காட்டில் கொண்டு விடுவதும் தவறு, வீட்டு நோய் காட்டு ஆமைகளுக்குத் தொற்றும், தீனி தேடிப் பழகாதது பட்டினியால் சாகும், வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை என்றும் சொன்னார். நம் நான்கு வரிப் பதிலின் கடைசி வரியும் அத்துடன் விழுந்தது.

வீட்டில் ஒரே கலக்கம். "முப்பது வருஷம் வச்சிருந்துட்டு இப்ப போய்ச் சொன்னா புடிச்சு வச்சிட மாட்டாங்களா?" என்று சகோதரி பயந்தார். சத்தமில்லாமல் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று உறவினர் ஒருவர் யோசனையும் சொன்னார். நமக்கும் தயக்கம் இல்லாமலில்லை. கால் ஊன்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் பிரிப்பதா என்றே மனம் சொன்னது. ஆனால் மாமனார் அதை எடுத்துவந்தது அறியாமையினால். இப்போது அறிந்துவிட்டோம். அதற்குப் பிறகும் நம் ஆசைக்காக ஒளித்து வைப்பதை அன்பு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவந்தபோது, தாய்ப்பறவை சிறகடித்துத் துடிப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கும்படி ஆணையிட்டார்கள். அபூதாவூதில் வரும் இந்தச் செய்தியைப் பெரியம்மாவிடம் சொன்னோம். சற்று நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு, "அவுக இருந்தாலும் கொண்டுபோய்க் குடுத்திருப்பாக. ஆனா நடக்கத் தெம்பு வரட்டும், தம்பி" என்றார்கள். மருத்துவரின் சீட்டோடு வனத்துறையிடம் முன்னதாகவே தெரிவித்து, அவர்கள் குறித்த நாள்வரை கவனித்துக்கொண்டார்கள்.

இத்தனை மாதம் அது தவித்ததற்குக் கஃப்பாரா ஏதும் உண்டா என்று சகோதரி கேட்டிருந்தார். இதற்கென்று வகுத்த கஃப்பாரா இல்லை. அறியாமல் நேர்ந்ததற்கு இஸ்திக்ஃபார் செய்து, முடிந்த சதக்காவைக் கொடுங்கள் என்றோம். நமக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டோம்.

ரமலான் பிறை ஆறில் நாமும் அவர்களுடன் வனத்துறை அலுவலகம் போனோம். காற்றோட்டமான பெட்டியில் சாக்கு விரித்து ஆமையை வைத்திருந்தார்கள். அதிகாரி ஒருவர் கண்ணியமாகப் பேசினார். எடை, ஓட்டின் நீளம், கிடைத்த விவரம், மருத்துவர் சொன்னவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கையொப்பம் கேட்டார். பெரியம்மா கையொப்பம் போடவில்லை. மண் தட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்கள்.

"பின்னங்கால் இன்னும் சரியாகல்ல. உசரமா வச்சா அதுக்கு எட்டாது. தட்டைத் தரையோட பதிச்சு வைக்கணும்னு அதையும் எழுதிக்கச் சொல்லுங்க, தம்பி" என்றார்கள்.

அதிகாரி தாளைத் திருப்பி, கடைசி வரிக்குக் கீழே அதையும் எழுதினார். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பெரியம்மா பேனாவை வாங்கினார்கள்.